பிறப்பிடம்: கரவெட்டி

நீ செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு அறிவித்தல்களில் மிஞ்சியவை என் தையல் மெசின் லாச்சிக்குள் கிடக்கின்றன. நூல்கட்டை எடுக்க இழுத்துத் திறந்தேன்; அச்சு மையின் மணம் மூக்கில் அடித்தது. பிறகு வேலை ஓடவில்லையடி.

மருதனார்மடத்துக் கடையில் அடுத்தடுத்த மெசினில் ஐந்து வருடம் தைத்தோம். நீ மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பத்தொன்பது வயதில் தாயோடு கரவெட்டிக்கு வந்தவள். "அங்க சிலோன்காரின்னாங்க, இங்க இந்தியாக்காரிங்கிறாங்க. நான் யாரு, அக்கா?" என்று சிரித்தபடி கேட்பாய். அடையாள அட்டை இல்லை. நீ ஒரு நாட்டின் பிரசை என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை.

அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பியது நான்தானே. முகாமில் பிறந்ததாக எழுதினால் கொழும்புக்கும் சென்னைக்கும் அலைய விடுவார்கள் என்று பெரிய மனுசிபோலச் சொன்னேன். "கரவெட்டி எண்டு போடு. ஆர் பாக்கப் போறான்?" வயதுக்கு அத்தாட்சியாக உன் தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழையும் நானே பின் அடித்து இணைத்தேன். பிறந்த இடம் மண்டபம் என்று அதில் கொட்டை எழுத்தில் கிடந்ததை வாசிக்கவில்லை. கண்டறியாத கெட்டித்தனம்! பொய் விண்ணப்பம் என்று நிறுத்தி, சான்றிதழைத் திருப்பித் தந்துவிட்டார்கள். உண்மையை எழுதியிருந்தால் தாய் தகப்பன் வழியில் பிரசையாகப் பதிய வழி இருந்ததாம். நீ என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஆனால் அதன்பிறகு எந்த அரசாங்க வாசலையும் மிதிக்கவில்லை.

மார்பில் வந்த கட்டியை எட்டு மாதம் மறைத்தாய். ஆஸ்பத்திரியில் அட்டை கேட்பார்கள், பிடித்துக் கொடுப்பார்கள் என்று பயந்தாயாம். கடைசியில் நான் இழுத்துக்கொண்டு போனேன். ஒருவரும் அட்டை கேட்கவில்லை. டொக்டர் கேட்டது ஒன்றுதான்: "ஏன் பிள்ளை முந்தியே வரேல்லை?" நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நீ போன பிறகு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். வாக்குப் போடத்தான் பிரசையாக இருக்க வேண்டுமாம். சட்டத்தின் முன் சமமாக நிற்க ஓர் ஆளாக இருந்தாலே போதும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறதாம். அதை உனக்குச் சொல்ல எனக்கு அப்போது தெரியாது. பொய் எழுத மட்டும் தெரிந்திருந்தது.

அச்சகக்காரர் பிறப்பிடம் கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். "கரவெட்டி எண்டே போடுங்கோ தம்பி" என்றார் உன் அம்மா. கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவள் என்று அச்சாகிவிட்டது. அத்தாட்சி எங்கே என்று அச்சகக்காரர் கேட்கவில்லை.

அறிவித்தல்களுக்குக் கீழே உன் பள்ளிச் சான்றிதழ் கிடக்கிறது. அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. மூலையில் பின் குத்திய இரண்டு ஓட்டைகளும் என் கைவேலை.