குணா தின்ற கேழ்வரகு அடை

பானுவுக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதி இந்தச் சாப்பாட்டு டப்பாவில் வைக்கிறேன்.

டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொன்னதிலிருந்து, நைட் ஷிப்டுக்கு நீ கேழ்வரகு அடையும் சுண்டலும் கட்டிக் கொடுத்தாய். ஒரு நாளும் நான் அதைத் தின்றதில்லை. பக்கத்துத் தறியை ஓட்டும் குணாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் பரோட்டா தின்றேன். அந்தத் தறிச் சத்தத்திலும் கண் சொக்கும்போது நாக்கு அதைத்தான் கேட்டது. காலையில் காலி டப்பாவைப் பார்த்து நீ சந்தோஷப்படுவாய்.

நேற்று ரேஷன் கடையில் குணா உன்னிடம், "அக்கா, உங்க அடையத்தான் தெனம் துன்னுகினு இருக்கேன். எனக்கு சுகரே எறங்கிப் போச்சு" என்று வெள்ளந்தியாகச் சொன்னான். நான் தலை குனிந்து நின்றேன்.

"நல்லா சாப்டுப்பா" என்றாய். சாயங்காலம் இரண்டு டப்பா கட்டி வைத்திருந்தாய். வாங்கும்போது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராத்திரி குணாவோடு உட்கார்ந்து என் பங்கை முழுசும் தின்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் சர்க்கரை நூற்று நாற்பது என்றேனே, அது பொய். முந்நூற்றுப் பத்து. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் வா. தனியாகப் போனால் மறுபடியும் உன்னிடம் பொய் சொல்லிவிடுவேன்.

உன் வீட்டுக்காரன்