மாமரத்தடி நந்தியாவட்டை

மசூருடைய வாப்பா அறிய,

என் மூத்தவள் ராத்தாவைப் பார்க்க நிந்தவூர் பஸ்ஸில் போகிறேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவேன். சோறும் மீனாணமும் உறியில் இருக்கின்றன.

சாப்பிட முதல் மாமரத்தடிக்குப் போய் என் நந்தியாவட்டையைப் பாருங்கள். "இந்த நெழலுக்குள்ள எல மட்டுந்தான் பச்சையா நிக்கும். பூத்தா என்ட பேர மாத்துறன். சொட்டுத் தண்ணியும் ஊத்த மாட்டன்" என்று சத்தம் போட்டீர்களே, இன்று ஏழு பூ!

தண்ணீர் ஊற்றியதும் நீங்கள்தான். கிணற்றடியில் நீங்கள் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழு எடுக்கும் தண்ணீரெல்லாம் அதன் வேருக்குப் போகும்படி அன்றைக்கே வாய்க்கால் வெட்டிவிட்டேன்.

சுபைறா

பூவைப் பறித்துவிடாதீர்கள், நான் இன்னும் ஆசை தீரப் பார்க்கவில்லை.

இன்னொன்று: பெயரையும் மாற்ற வேண்டாம். கலியாணம் முடித்துப் பதினொரு வருடம், ஒரு தடவையாவது அதைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேனா? பழைய பெயரே எனக்கு இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது.