ஏழு வருட ட்ரெயினி

மார்ச் 4

ஜெர்மனி விசா இன்னும் இழுபறிதான். வெளியிலிருந்து வருகிறவர்களைக் குறைக்க வேண்டும் என்று அங்கே பெரிய சண்டையாம், எல்லையில் சோதனையும் கூடிவிட்டதாம். தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது; இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். எனக்கு ஏழு இருக்கிறதே! ஆனால் ஒரகடம் கம்பெனி கொடுத்த கடிதத்தில் 'ட்ரெயினி' என்று போட்டிருக்கிறது. பயிற்சிக் காலம் கணக்கில் சேராதாம். விசா ஆபீசில் ஒரு மாதத்துக்குள் வேறு சான்று கேட்டிருக்கிறார்கள்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து ஏழு வருடமாக லாரிக்கு ஆக்சில் பூட்டுகிறேன். இன்னுமா கற்றுக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 6

ஹெச்.ஆர். கோபால் சாரிடம் கடிதத்தை மாற்றக் கேட்டேன். "காண்ட்ராக்ட்ல கீறவங்க எல்லாருமே ட்ரெயினிதாம்மா. உனக்கு மாத்துனா மொத்த லைனும் வந்து நிக்கும்."

நிக்கட்டுமே, இன்னா இப்போ? கம்பெனி பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

மார்ச் 7

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 11

புதிதாக வந்த நான்கு பெண்களுக்கு போல்ட் முடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். வழக்கம்போல ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் கட்டத்தின் தலைப்பைப் படித்தேன் — 'ட்ரெயினர்'. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஐந்து வருடம், நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லா வரியிலும் என் கையெழுத்து: சில்வியா, சில்வியா. சிரிப்பை அடக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் நெல்லையப்பன் அண்ணன் திருநெல்வேலிக்காரர். "என்ன பிள்ள, தனியா சிரிக்க?" காட்டினேன். அவரும் சிரித்துவிட்டார். "அடுத்த வாரம் வார குவாலிட்டி ஆடிட்டருக்கு, எல்லாருக்கும் ஒழுங்கா வேல பழக்கிருக்கோம்னு இதத்தான் காட்டப் போறாவ."

மார்ச் 13

ரெஜிஸ்டரைக் கோபால் சார் மேசையில் விரித்து வைத்தேன். "சார், ஒன்னு நான் ஃபிட்டர்னு எழுதிக் குடுங்க. இல்லாட்டி, வேலை தெரியாதவதான் இத்தினி பேருக்குக் கத்துக் குடுத்தான்னு ஆடிட்டர்கிட்ட சொல்லுங்க."

கூட வந்த அண்ணன், "நியாயமாத்தான கேக்கா" என்றார். கோபால் சார் என்னையும் ரெஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்பெனி லெட்டர்பேடை எடுத்தார். ஃபிட்டர், ஏழு வருடம், முத்திரையோடு. ஜெயித்துவிட்டேன்!

ஏப்ரல் 22

விசா வந்துவிட்டது. ஹெச்.ஆர். வாசலில் இன்று பதினோரு பேர் கடிதம் கேட்டு நின்றார்கள். எனக்கு அதுதான் இன்னும் சந்தோஷம்.

ஜூன் 3

ஃபிராங்க்ஃபர்ட். பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸ்டூடன்ட்?" என்று கேட்டார்.

"நோ சார். ஃபிட்டர்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் முத்திரை குத்தினார்.