ஈர ஆட்டுக்கு ஒரு கண்டனம்

அன்பு எடுவினா,

நீயும் பிள்ளைகளும் சுகமா? சிலோயே தீவு மழையில் உன் இருமல் குறைந்ததா? இந்தத் தெற்குக் காற்றில் எனக்கு உதடு வெடித்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

யாராவது சொல்லி நீ பயப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ரோமம் கத்தரிப்போர் சங்கக் கூட்டத்தில் என்மீது கண்டனத் தீர்மானம் போட்டார்கள். கொண்டுவந்தது உன் அண்ணன் நோல்பெர்த்தோ! ஆடு காய்ந்திருக்கிறதா என்று எல்லோரும் தொட்டுப் பார்த்துக் கை தூக்கிய பிறகுதான் இங்கே ரோமம் கத்தரிப்போம். ஈர ரோமம் கையைக் கொப்புளமாக்கிவிடும். சங்கப் பிரதிநிதியான நானோ, யாரையும் கேட்காமல் பண்ணை மேலாளரிடம் "காஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஆடோ ஈரம்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். "பிரதிநிதி எர்மினியோ அவசரப்பட்டார், சங்கம் கண்டிக்கிறது" என்று அண்ணன் உரக்க வாசித்தார். எல்லோர் கையும் உயர்ந்தது, என் கையும்தான். கூலியில் வெட்டு இல்லை, பதவியும் போகவில்லை.

"அப்ப எதுக்கு மச்சான் இந்தக் கூத்து?" என்றேன்.

முதல் மாத்தே தேநீர்க் குவளையை என்னிடமே நீட்டினார். "வேண்டாதவன்னா அப்பவே தூக்கியிருப்போம் மாப்ளே. நீ வேணும்னுதான் நிக்க வெச்சுத் திட்டினோம். உக்காரு, அடுத்த விஷயத்தைப் பேசு."

வெட்கம்தான். ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே மலைமலையாய் ரோமம், என் காலுறையில்தான் ஓட்டை. நீ பின்னியது ஒரு ஜோடி அனுப்பு, அண்ணனுக்கும் ஒன்று. அடுப்புப் புகை வாசம் போகத் துவைத்துவிடாதே.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. அவசரப்பட்டேன் என்று கண்டித்தார்களே, என்ன அவசரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலை முந்தி முடிந்தால் உன்னிடம் முந்தி வந்துவிடலாம் என்றுதான்.

உன் எர்மினியோ