பூத்தது தெரியாத பாத்தி

ஜூன் 3
பூங்கா வாசலிலிருக்கும் வட்டப் பாத்திக்குச் செடிகளைத் தேர்ந்தெடுத்தேன். இளம்பச்சைப் பூ விடும் ஜினியா. நடுவில் உயரமாக, அதே நிறத்தில் அலங்காரப் புகையிலை. அடியில் கறுத்த இலைச் செடிகள். மேலதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, இலைதான் பச்சையா இருக்கே. பூவும் எதுக்கு?"

நியாயமான கேள்வி. "புதுசா இருக்கும் சார்" என்றேன்.

"நல்லா வரலன்னா பிடுங்கிட்டுச் சிவப்பு சால்வியா வச்சிருவேன்."

உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. என் கணவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. கல்யாணமானதிலிருந்து என் சிவப்புப் பாத்திகளைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். எப்படி இருக்கு என்றால், "ம், நல்லாருக்கு." யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துச் சொல்வது போல. கறுப்பின்மேல் வெளிர்பச்சை என்றால் ஒருவேளை அவர் கண்ணில் படலாம். அவ்வளவுதான் திட்டம்.

ஜூலை 9
மழை. செடிகள் சுகம். மேலதிகாரி தினமும் ஆபீஸ் ஜன்னல் வழியே பாத்தியை எட்டிப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 2
ஒரு பூகூட இல்லை. ஏன்? வெயில் போதவில்லையா? உரம் அதிகமா?

செடி நன்றாகக் கிளைக்க, மொட்டு வரும்வரை நுனியைக் கிள்ளச் சொல்லியிருந்தேன். பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, "மொட்டே வரலம்மா. நானும் விடாம கிள்ளிட்டேதான் இருக்கேன்" என்றார்.

கிள்ளிப் போட்ட குவியலைக் கிளறினேன். அத்தனையும் மொட்டு.

"பச்சையால்ல இருந்துச்சு!"

"பூவே பச்சைதான்க்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, சனி
பாத்தி முழுக்கப் பூ. மேலதிகாரி குனிந்து பார்த்தார்.

"எப்ப பூக்கும்?"

"பூத்திருக்கு சார்."

நிமிர்ந்தார். பிறகு, "திங்கக்கிழம சால்வியா வருது."

என் கணவரோ மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். இந்த வாரம் பார்த்துத்தானா காய்ச்சல் வரணும்? அட போங்கப்பா —

ஆகஸ்ட் 26, திங்கள்
இவர் வேலைக்குப் போகும் வழியில் ஃபோன் செய்தார்.

"வாசல்ல என்ன வச்சிருக்க? தெருமுனையிலருந்தே தெரியுதே. வட்டமா, நடுவுல கோபுரம் மாதிரி."

"பூ."

"அந்தப் பாத்தி வட்டமா?"

"எப்பவும் வட்டம்தான்."

"சொல்லவே இல்லயே நீ."

சால்வியா வண்டி வந்தது. நாற்றுகளைப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே இறக்கச் சொன்னேன். மேலதிகாரி ஜன்னலிலிருந்து பலமாகக் கையை ஆட்டினார். கவனிக்காதவள் போலக் களை பறித்துக்கொண்டிருந்தேன். அங்கே களையே இல்லை.