லேக்கர் அடிக்காத படம்

1998 டிசம்பர் 19, சனி

சின்னு, அம்மா இன்று நீ வரைந்த படத்தைக் கெடுத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சுவரில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். உன் போட்டோவைத் துடைத்த ஈரத் துணியாலேயே, நீ தோலில் வரைந்த நம் வீட்டுப் படத்தையும் துடைத்தேன். தோல்தானே, செருப்பைத் துடைக்கிற மாதிரி துடைக்கலாம் என்று நினைத்துவிட்டேன். வாசலில் நான் நிற்கிறேனே, அந்த நீலப் புடவை அப்படியே துணியோடு வந்துவிட்டது.

தோல் பேக்டரியில் உன்னோடு கலர் அடித்த சலீமைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னா மா, ஈரத் துணியாலயா தொடச்சீங்க? மேல லேக்கர் பூச்சே அடிக்கல. கலர் எப்படி நிக்கும்?"

"மறந்துட்டானாப்பா?"

"அவனா மறப்பான்? கலர் வேலை பூரா முடியாம லேக்கர் அடிக்காதீங்கடான்னு எங்களைத் தினம் பேஜார் பண்ணுவான். இன்னும் எதோ வரைய பாக்கி வெச்சிருந்தான் மா."

கலர் போன இடத்தில் நீலம் தொட்டுத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். போட்டோவில் உன் முகம்தான் இருக்கிறது. உன் கை இந்தப் படத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் இன்னொருவர் கை எதற்கு? துணியைக்கூட அலசாமல் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நீ இறந்துபோன இந்த மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிற படம். முடிந்த படம் என்றே இருந்தேன். சலீம் சொன்ன பிறகுதான் கவனித்தேன், வாசலில் நான் நடுவில் இல்லை, ஓரமாக நிற்கிறேன். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறாய்.

அங்கே நிற்க வேண்டியது நீயா சின்னு, இல்லை என்னிடம் சொல்லாமலே நீ மனதில் வைத்திருந்த ஒரு பெண்ணா?