டக்டக்டக், திருப்பும்போது மட்டும்

மே 5, திங்கள்

குண்டசாலைக் கராஜில் முதல் நாள். வாகனம் கொண்டு வருபவரிடம் என்ன கோளாறு என்று கேட்டு, ஜொப் கார்ட்டில் எழுதி, உள்ளே மெக்கானிக் வீரையா பாஸிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்க லேசாகத்தான் இருந்தது.

முதலாளி ஸாகி நானா அலவத்துகொடைக்காரர். ஆள் தங்கம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "மூணு மாசம் பாப்போம் தங்கச்சி. சாமான்ட பேரெல்லாம் பாடமாக்கிட்டீங்கன்னா வேல ஒங்களுக்குத்தான்" என்றார்.

மேசை தந்தார்கள், கதிரை இல்லை. இரண்டு பழைய டயரை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டிருக்கிறது. வேலை நிரந்தரமானால்தான் கதிரையாம், இந்தக் கராஜின் வழக்கம் அது. பலகை நழுவி டயரிலேயே உட்கார்ந்துவிட்டேன். புதுச் சுடிதாரின் பின்னால் கறுப்பு வளையத்தோடு வத்தேகம பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பழைய பல்லவியைத் தொடங்கினார். ஜூலை முடிவதற்குள் நிரந்தரமாகாவிட்டால் கொழும்புக்குப் போய்ப் பெரியம்மா மகளோடு கார்மன்ட்ஸில் சேர வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர். எனக்கு வேண்டாம். என் வீடும் வத்தேகம பஸ்ஸின் ஜன்னலோரமும் எனக்குப் போதும்.

மே 7, புதன்

மானம் போயிற்று.

வான் ஒன்று வந்தது, பக்கக் கண்ணாடி உடைந்து. முன்னால் நின்று பார்த்தேன், என் இடது கைப்பக்கம் இருந்தது. 'இடது' என்று அழகாக எழுதினேன். கார்ட்டை நம்பி ஆளனுப்பி இடது கண்ணாடியே வாங்கி வந்துவிட்டார்கள். பூட்டப் போனால் அந்தப் பக்கம் கண்ணாடி நன்றாகவே இருக்கிறது!

"டிரைவர் சீட்ல ஒக்காந்து பாக்குறவங்களுக்கு எது இடதோ, அதுதாம்மா வண்டிக்கு இடது. நீ எங்க நின்னாலும் சரி" என்றார் வீரையா பாஸ். அவருக்குக் கோபம் வராது போல. எனக்குத்தான் என் மேல் வந்தது.

மே 13, செவ்வாய்

ஒன்று கண்டுபிடித்தேன். வருகிறவர்களுக்கும் பெயர் ஒன்றும் தெரியாது! எல்லோரும் சத்தம்தான் போடுகிறார்கள். கோட் போட்ட ஒரு பெரிய மனுஷர் இன்று என் முன்னால் நின்று "ஙொய்ங்ங்ங்" என்றார். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

அதை எப்படி எழுதுவது? நேரே வீரையா பாஸிடம் போய் அப்படியே செய்து காட்டினேன், வேகம் கூடக் கூட எப்படி ஏறுகிறது என்பதோடு.

"சில்லு பெயாரிங்" என்றார், யோசிக்கவே இல்லை. பிறகு, "இன்னொருக்கா செய் புள்ள. வண்டியே வந்து பேசுற மாதிரி இருக்கு."

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பெயாரிங்தான்.

மே 28, புதன்

இப்போது தெரிந்தவை: முன்னால் பிரேக் பேட், பின்னால் பிரேக் லைனர். பேட் தேய்ந்தால் மிதிக்கும்போது கிறீச். பெல்ட் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீ...ச். பள்ளத்தில் விழும்போது டொக் என்றால் குலுக்கலைத் தாங்குகிற சொக் அப்சோபராக இருக்கலாம், வேறு நாலு சாமானாகவும் இருக்கலாம். அந்த நாலும் இன்னும் வாயில் நுழையவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சுமன் அண்ணா காலையிலிருந்து வாசலில் சைக்கிளோடு மல்லுக்கட்டினான். இடது பெடலைக் கழற்ற வேண்டுமாம். ஸ்பேனரைப் போட்டு முக்குகிறான், முகம் மிளகாய்ப் பழம். நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நீ கழட்டல, இறுக்கிக்கிட்டிருக்க. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். மத்தப் பக்கம் சுத்து."

"ஒனக்கு என்னாடி தெரியும் டிலானி?" என்றான். மற்றப் பக்கம் சுற்றினான். கழன்றது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மத்தியானம் எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

ஜூன் 16, திங்கள்

இன்று கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. ஒரு டிரக்கின் இருமலை நான் பாஸுக்குச் செய்து காட்ட, வெளியே நின்ற வாடிக்கையாளர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஸாகி நானாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இது கராஜா, நாடகக் கொட்டகையா? மாசம் ஒண்டு தாண்டிட்டு. இனிச் சத்தம் வேணாம் தங்கச்சி, பேர எழுதுங்க."

சரி. எழுதுகிறேன். எனக்கென்ன பெயர் தெரியாதா?

ஜூன் 17, செவ்வாய்

திரேசா மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வங்கி வேலை, வத்தேகமயில் வாடகைக்கு இருக்கிறார். சின்னச் சிவப்புக் கார்.

"பிள்ளை, வளைவில முழுசாத் திருப்பேக்க முன்னால டக்டக்டக் எண்டு கேக்குது. நேர ஓடேக்க ஒண்டும் இல்லை."

தலையை ஆட்டி, அழகான கையெழுத்தில் எழுதினேன்: முன் சொக் அப்சோபர். ஒரு சத்தமும் எழுதவில்லை. ஸாகி நானா கார்ட்டை வாங்கிப் பார்த்து, "ஆ, இப்பதான் படிச்ச புள்ளட கார்ட் மாதிரி ஈக்கி" என்றார்.

பாஸ் பார்த்தபோது சொக்கில் எண்ணெயும் கசிந்திருந்தது. பிறகென்ன! முன் சொக் இரண்டையும் மாற்றிவிட்டார். பஸ்ஸில் வரும்போது கதிரை கிடைத்தமாதிரியே இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஐயோ.

திரேசா மிஸ்ஸின் கார் மடவளை ஏற்றத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறதாம், சில்லுக்கு இழுவை போகவில்லையாம். பின்னால் பஸ் வரிசை, எல்லாரும் ஹோர்ன். பின்னுக்கு உருளாமல் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்திருக்கிறார். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"நான் சொன்னனான் தானே, திருப்பேக்க மட்டும்தான் எண்டு? அதைக் கேட்டனீங்களோ?" சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸாகி நானா நேரே வீரையா பாஸிடம் போனார். "என்ன பாஸ், இத்தின வருஷ சேர்விஸ்ல ஒரு காருட கோளாறு தெரியல்லியா?" பாஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் நான் ஒருவேளை சும்மா நின்றிருப்பேனோ என்னவோ.

"நான்தான் நானா. மிஸ் சத்தம்தான் சொன்னாங்க. நான்தான் பேர எழுதிட்டேன். தெரியாமலே எழுதிட்டேன்."

"அவ என்ன சத்தம் சொன்னா?"

எல்லோர் முன்னாலும் செய்தேன். டக்டக்டக்டக், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்புகிறமாதிரி கையையும் திருப்பி. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"சிவி ஜொயின்ட்" என்றார் பாஸ் மெல்ல. சில்லைத் திருப்பும்போதும் எஞ்சினின் இழுவையை அதற்குக் கடத்துகிற மூட்டு அது. தேய்ந்து தேய்ந்து இன்று விட்டுவிட்டது. "சொக் கசிஞ்சது நெசந்தான். ஆனா சத்தம் அதுல இல்ல. ஓட்டிப் பாக்காம வுட்டது என் பெழ."

நானா அந்தக் கார்ட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதுதான் பயமாக இருக்கிறது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்ல? பேர் தெரிஞ்ச மாதிரி நடிச்சேனே, எதுக்கு? கை தட்டிச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டுமே!

ஜூன் 25, புதன்

திரேசா மிஸ்ஸுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "சரி பிள்ளை. இனிச் சொல்லுறதை எழுதுங்கோ" என்றார். வைத்துவிட்டார்.

நானா என்னோடு பேசவில்லை. கார்ட்டை மட்டும் வாங்குகிறார்.

ஜூலை 2, புதன்

கார்ட்டில் இப்போது இரண்டும் எழுதுகிறேன். முதலில் சத்தம், எப்போது, எங்கே. அதற்குக் கீழே, தெரிந்தால் பெயர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நானா கேள்விக்குறியைப் பார்த்து மூக்கைச் சொறிந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

அம்மா அலுமாரிக்கு மேலிருந்து பயணப் பையை இறக்கித் தூசி தட்டி வெயிலில் வைத்திருக்கிறார். நான் அதைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூலை 28, திங்கள்

பெரஹெர ஊர்வலத்துக்குக் கண்டி நிரம்புகிறது. ரோட்டில் நின்று நின்று ஓடி எல்லார் வண்டியும் சூடாகி எங்களிடம் வருகிறது. மத்தியானம் போன் அடித்தது, ஸாகி நானா எடுத்தார். திரேசா மிஸ். கார் ஏதோ புதுச் சத்தம் போடுகிறதாம்.

"எனக்கு செல்லுங்க மிஸ், நான் எழுதிக்கிறன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, நானா போனை என்னிடம் நீட்டினார். "ஒங்களத்தான் வேணுமாம். வேற ஆளுக்கு சத்தம் போட்டுக் காட்ட அவவுக்கு வெக்கமாம்."

மிஸ் போனில் "ஸ்ஸ்ஸ்... டிக்" என்றார். நானும் திருப்பிச் செய்து காட்டினேன். "ஓம், அதேதான்! அதேதான்!" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண் கலங்கியது வேறு விஷயம்.

ஜூலை 31, வியாழன்

இன்றைய கடைசி ஜொப் கார்ட்டை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன். இதை வாங்கி வாசித்துவிட்டு வீரையா பாஸ் எண்ணெய்க் குப்பியோடு வந்து, என் காலடியில் குந்தி வேலையை முடித்தார். நானா பார்த்துக்கொண்டே நின்றார், மூக்கைச் சொறிந்துகொண்டு.

வாகனம்: கதிரை, சுழல்வது, நீல நிறம்.
சொந்தக்காரர்: டிலானி.
கோளாறு: கீச்சுக் கீச்சு, திரும்பும்போது மட்டும்.
இடம்: பின் இடது சில்லு (உட்கார்ந்திருப்பவருக்கு இடது).
பெயர்: பெயாரிங்?